போர்டுக்கு எதிரே ஒரு ஆள்

சிவப்புக் காய் விழுந்துவிட்டது, அடுத்து போட்டாக வேண்டிய ஃபாலோ காய் விழவில்லை. சிவப்பு திரும்ப நடுவட்டத்துக்கு வந்து உட்கார்ந்ததும், பதினோரு வயசுப் பையன் ஸ்ட்ரைக்கரை எடுத்துச் சுவரில் அடித்தான். புது வண்ணாரப்பேட்டைப் பக்கம் ஒரு கேரம் கிளப், சாயங்காலம் ஏழு மணி. சின்ன அறை, மூன்று போர்டு, ஒவ்வொரு போர்டுக்கும் மேலே தாழத் தொங்கும் பல்பு, காற்றெல்லாம் பவுடர் வாசனை. எதிரே உட்கார்ந்திருந்த அண்ணன் பகலில் லோடு ஆட்டோ ஓட்டுபவர். அவர் திட்டவில்லை. எழுந்து போய், பெஞ்சுக்கு அடியில் உருண்டுபோயிருந்த ஸ்ட்ரைக்கரை எடுத்து, சட்டை நுனியில் துடைத்து, கோட்டின் மேல் வைத்தார். "மூஞ்சி கழுவினு வா. உனக்கு இன்னும் நாலு காய் கீது."

பையன் போனான், கழுவிக்கொண்டு வந்தான், உட்கார்ந்தான். அந்த ஆட்டத்தில் தோற்றான் என்றுதான் நினைவு. அது பெரிய விஷயமில்லை. அந்தப் பத்து நிமிஷத்தில் நடந்ததைப் புரிந்துகொள்ளத்தான் உளவியலாளர்கள் எழுபது வருஷமாக மெனக்கெட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

இதே பக்கத்துச் செரியன் நகரிலிருந்து போன காசிமா, 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிவந்தார். அதற்கு முன்பே, 2008இல், வியாசர்பாடி இளவழகி உலகச் சாம்பியன் ஆனவர். இப்படி யாராவது ஜெயித்து வந்தால் நம் செய்திகளில் ஒரே தலைப்புதான்: ஆட்டோ ஓட்டுநரின் மகள், வறுமையை வென்ற வீராங்கனை. அதில் அப்பாவின் தொழில் பரிதாபத்துக்காகச் சேர்க்கப்பட்ட அடைமொழியாக நிற்கிறது. ஆனால் காசிமாவின் அப்பா வெறும் அடைமொழி இல்லை. மகளுக்குச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். வறுமையை ஒரு சிறுமி தனியாக நின்று வென்றாள் என்று எழுதுவது கேட்க நன்றாக இருக்கும், நடந்தது அதுவல்ல. தினமும் போர்டுக்கு எதிரே ஒரு ஆள் உட்கார்ந்திருந்தார்.

வடசென்னையில் பிள்ளைகளைப் பற்றிப் பெருமையாகச் சொல்லும் வார்த்தை ஒன்று உண்டு. "எம்புள்ள எதையும் தாங்குவான்." தகரக் கூரை வெயிலை, மழைக்கு வீட்டுக்குள் வரும் முழங்கால் தண்ணீரை, எண்ணூர்ப் பக்கத்துப் புகையை, ராத்திரி குடித்துவிட்டு வரும் நைனாவை. தாங்குகிறான் என்பது உண்மைதான். ஆனால் தாங்குவது வேறு, மீள்வது வேறு. எதற்கும் அழாத பிள்ளையை நாம் தைரியசாலி என்கிறோம். சில சமயம் அது அழுதால் யாரும் வரமாட்டார்கள் என்று கற்றுக்கொண்ட பிள்ளையாக இருக்கும். ஆய்வாளர்கள் மீள்திறன் என்று சொல்வது விழாமல் நிற்பதை இல்லை. விழுந்த பிறகு பழையபடி விளையாட, படிக்க, இன்னொருவரை நம்ப முடிவதைத்தான் சொல்கிறார்கள். இது பிறவியிலேயே சிலருக்கு வாய்த்த தில்லு என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தார்கள். அந்த எண்ணத்தை அசைத்தது நம்மூரிலிருந்து வெகுதூரத்தில் இருக்கும் ஒரு தீவு.

பசிபிக் கடலில் ஹவாய்த் தீவுக்கூட்டத்தில் கவாய் என்று ஒன்று. 1955இல் அங்கே பிறந்த 698 குழந்தைகளை உளவியலாளர்கள் எம்மி வெர்னர், ரூத் ஸ்மித் ஆகியோரின் குழு பின்தொடர ஆரம்பித்தது. ஒரு வயதில், இரண்டில், பத்தில், பதினெட்டில், முப்பத்திரண்டில், நாற்பதில் என்று விடாமல் பார்த்தார்கள். பெரும்பாலும் தோட்டத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். அவர்களில் மூன்றில் ஒரு பங்குக் குழந்தைகளுக்கு இரண்டு வயது முடிவதற்குள்ளேயே வறுமை, பிரசவச் சிக்கல், குடி, குடும்பச் சண்டை, பெற்றவருக்கு மனநோய் என்று நாலைந்து சிக்கல்கள் சேர்ந்துகொண்டன. இவர்கள் அத்தனை பேரும் கெட்டுப்போயிருக்க வேண்டும் என்பதுதான் அன்றைய கணக்கு. மூன்றில் இரண்டு பங்குப் பிள்ளைகள் சிரமப்பட்டார்கள்தான். மீதி 72 பேர் ஒழுங்காகப் படித்து, வேலைக்குப் போய், அடுத்தவர்மேல் அக்கறையுள்ள மனிதர்களாக வளர்ந்திருந்தார்கள். அவர்களிடம் இருந்தவை என்னென்ன என்று தேடியபோது பல விஷயங்கள் கிடைத்தன. பழகுவதற்கு இனிமையான சுபாவம் அதில் ஒன்று. ஆனால் திரும்பத் திரும்ப வந்தது, சிறு வயதிலிருந்தே அந்தப் பிள்ளையோடு நிலையாக ஒட்டியிருந்த ஒரு பெரியவர். அம்மா அப்பாவாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. பாட்டி, அத்தை, பக்கத்து வீட்டுக்காரர், ஆசிரியர், யாராவது ஒருவர்.

இன்னொன்றும் சொன்னார்கள், அது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. பதினெட்டு வயதில் வம்பு வழக்கு என்று திரிந்தவர்களில் பலர், முப்பது நாற்பதுக்குள் நிமிர்ந்துவிட்டிருந்தார்கள். "அவன் முடிஞ்சான்" என்று பத்தாம் வகுப்பிலேயே எழுதிவிடுபவர்கள் கவனிக்க வேண்டிய தகவல்.

ஒரு பெரியவர் பக்கத்தில் இருப்பதால் உடம்பில் என்னதான் மாறுகிறது? புதன்கிழமை காலையில் தண்டையார்பேட்டையிலோ கொருக்குப்பேட்டையிலோ ஏதாவது ஒரு நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய் நின்றால் பாதி விடை கிடைக்கும். தமிழ்நாட்டில் புதன் என்றால் தடுப்பூசி. அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையாக அம்மாக்கள், ஆயாக்கள். ஊசி இறங்கியதும் எல்லாக் குழந்தையும்தான் வீறிடுகிறது. அமெரிக்காவின் மினசோட்டாவில் உளவியலாளர் மெகன் கன்னரும் அவர் சகாக்களும் 1990களில் இதே காட்சியை ஆராய்ந்தார்கள், ஊசி போட்ட பதினைந்து மாதக் குழந்தைகளின் எச்சிலில் கார்ட்டிசால் என்ற அழுத்த ஹார்மோன் எவ்வளவு என்று அளந்து. புது ஆளைக் கண்டால் மிரளும் சுபாவமுள்ள குழந்தைகளை மட்டும் எடுத்துக்கொண்டு பார்த்தபோது, அம்மாவோடு நம்பிக்கையான பிணைப்பு இருந்த குழந்தைக்குக் கார்ட்டிசால் ஏறவில்லை, பிணைப்பு ஆட்டம் கண்டிருந்த குழந்தைக்கு ஏறியது. மிரட்சி இரண்டுக்கும் ஒன்றுதான். ஆபத்து மணி உடம்பின் ஆழத்துக்குப் போய்ச் சேர்ந்ததா இல்லையா என்பதில்தான் வித்தியாசம்.

அந்த மணி அடிப்பது தப்பில்லை. நாய் துரத்தினால் ஓட அட்ரினலின் வேண்டும், கார்ட்டிசால் வேண்டும். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் குழந்தை வளர்ச்சி மையம் மன அழுத்தத்தை மூன்றாகப் பிரிக்கிறது. பள்ளிக்கூடத்தின் முதல் நாள் மாதிரி வந்து போவது நல்லது செய்யும். வீட்டில் ஒரு சாவு, வெள்ளம் மாதிரி பெரிதாக வருவதைத் துணை இருந்தால் தாங்கிக்கொள்ளலாம். துணையே இல்லாமல் மாதக்கணக்கில் நீள்வதைத்தான் நச்சு அழுத்தம் என்கிறார்கள். தொட்டி நிரம்பிய பிறகும் யாரும் நிறுத்தாமல் ஓடிக்கொண்டே இருக்கும் தண்ணீர் மோட்டாரை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் வீணாகிறது என்பதோடு முடியாது, மோட்டாரே புகைந்துவிடும். ஞாபகம், கவனம், கோபத்தை அடக்கும் பழக்கம் இவற்றுக்கெல்லாம் பொறுப்பான மூளைப் பகுதிகள் அப்போதுதான் கட்டப்பட்டுக்கொண்டிருக்கின்றன, அடி அங்கேதான் விழுகிறது. சின்னக் குழந்தைக்கு அந்த மோட்டாரின் சுவிட்ச் கை எட்டாத உயரத்தில் இருக்கிறது. பெரியவர்தான் அணைக்க வேண்டும். ஆயிரம் தடவை அணைத்துக் காட்டினால், ஆயிரத்தோராவது தடவை குழந்தையே எக்கி அணைத்துவிடும். கேரம் கிளப்பில் ஸ்ட்ரைக்கரைத் துடைத்து வைத்தாரே, அந்த அண்ணன் செய்தது அதுதான். தன் நிதானத்தைப் பையனுக்குக் கொஞ்ச நேரம் கடன் கொடுத்தார்.

இதைப் படித்துவிட்டு, காலையில் பிள்ளையைக் கத்திவிட்டு வேலைக்கு வந்த அம்மாக்கள் யாரும் மனம் ஒடிய வேண்டாம். எட்வர்ட் ட்ரோனிக் என்ற உளவியலாளர் தாயும் சேயும் விளையாடுவதை 1970களில் படமெடுத்து, நொடி நொடியாகப் பிரித்துப் பார்த்தார். அம்மாவை இரண்டு நிமிஷம் முகத்தை அசைக்காமல் கல்லாக வைத்துக்கொள்ளச் சொன்னால், குழந்தை முதலில் சிரித்துப் பார்க்கும், கையை நீட்டும், கத்தும், கடைசியில் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். இந்தச் சோதனையால்தான் அவர் பெயர் பரவியது. எனக்குப் பிடித்தது அவர் சொன்ன இன்னொரு கணக்கு. நன்றாக இருக்கிற வீட்டிலும் தாயும் சேயும் ஒத்திசைந்திருப்பது சுமார் மூன்றில் ஒரு பங்கு நேரம்தான். மீதி நேரமெல்லாம் பிசகும், பிறகு சரியாகும், மறுபடி பிசகும். பிசகினால் சரியாகும் என்ற நம்பிக்கை அந்தப் போக்குவரத்தில்தான் குழந்தைக்குள் இறங்குகிறது.

எங்கள் வீடுகளில் "சாரி" சொல்லும் வழக்கம் கிடையாது. என் அம்மா என்னை ஏசினால் அன்று ராத்திரி பீச் ஸ்டேஷன் பக்கத்திலிருந்து அத்தோ என்ற பர்மா நூடுல்ஸ் வரும், வாழைத்தண்டு சூப்போடு. வாய் திறந்து ஒன்றும் சொல்லமாட்டார், பொட்டலத்தைப் பிரித்து என் பக்கம் தள்ளுவார். எனக்குப் புரிந்தது. ஆனால் என் தங்கை தான் செய்த தப்புதான் என்னவென்று தெரியாமலே பல நாள் தின்றாளாம், பிற்பாடு சொன்னாள். அதனால் அத்தோவோடு ஒரு வாக்கியமும் சேர்த்துக்கொடுத்தால் நல்லது: "காத்தால வேற டென்சன்ல இருந்தேன், உன் மேல கோவம் இல்ல."

இந்த ஊரில் அப்படிப்பட்ட பெரியவர்களுக்குப் பஞ்சமில்லை. நெருக்கமான சந்தும் ஹவுசிங் போர்டு மாடிப்படியும் அதற்கு ஒரு காரணம், எதிர் வீட்டுக் கதவு திறந்திருந்தால் உள்ளே என்ன குழம்பு என்று தெரியும். காசிமேட்டில் அம்மா விடிகாலை ஏலத்துக்குக் கூடை எடுத்துக்கொண்டு போய்விட்டால், பிள்ளையை எழுப்பித் தலை வாரிவிடுவது இட்லி சுடும் ஆயா. பால்வாடி டீச்சர். வியாசர்பாடி முல்லை நகர் மைதானத்தில் பந்தோடு வந்து நிற்கும் கோச். ராயபுரம் பக்கத்தில் பாக்சிங் சொல்லிக்கொடுப்பவரை மாஸ்டர் என்பதைவிட வாத்தியார் என்றே கூப்பிடுவார்கள். பள்ளிக்கூட வாத்தியாருக்குக்கூட அந்த மரியாதை கிடைப்பது சந்தேகம். பையன் இரண்டு நாள் வரவில்லை என்றால் வீட்டு வாசலில் வந்து நிற்பவர் அவர். கேட்கிற கேள்வியும் ஒன்றுதான்: "இன்னாடா, ஆளக் காணோம்?" ஒரு பிள்ளைக்கு, தான் வராதது ஒருவருக்குத் தெரிந்திருக்கிறது என்பதே பெரிய செய்தி.

இங்கே ஒரு கசப்பான விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். வடசென்னை என்றாலே கத்தியைக் காட்டும் படங்கள்மேல் எனக்கும் எரிச்சல் உண்டு. ஆனால் ஏரியா அண்ணன் என்று ஒருவர் உண்டு என்பதை மறைத்து இந்தக் கட்டுரையை எழுத முடியாது. அவரும் பையனின் பெயரை ஞாபகம் வைத்திருப்பார். அவரும் பிரியாணி வாங்கித் தருவார், ஸ்டேஷனில் பிடித்து வைத்தால் ஆள் அனுப்புவார், "இன்னாடா, ஆளக் காணோம்?" என்று அவரும் கேட்பார். பதினான்கு வயதில் ஒரு பெரியவருக்காக ஏங்கும் மனசின் அதே கதவு வழியாகத்தான் அவரும் உள்ளே வருகிறார். கெட்ட சகவாசம் என்று நாம் சொல்வதில் பாதி, நல்ல சகவாசம் காலியாக விட்டுவைத்த இடம். வாத்தியாருக்கும் அண்ணனுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பிள்ளையால் உடனே பார்க்க முடியாது, பெற்றவர்கள் பார்க்கலாம். அண்ணனின் பாசத்துக்கு ஒரு நாள் கணக்கு வரும்: இந்தப் பொட்டலத்தைக் கொண்டுபோய்க் கொடு, இந்த வண்டியை எடுத்துக்கொண்டு வா. வீட்டில் சொல்லாதே என்றும் வரும். ரகசியம் கேட்கும் பெரியவர் யாராக இருந்தாலும், கோச்சோ மாமாவோ தாத்தாவோ, அங்கே நிறுத்திக் கேள்வி கேட்க வேண்டும். உடம்பு சம்பந்தமான சங்கதியாக இருந்தால் குழந்தைகள் உதவி எண் 1098க்கு போன் செய்யத் தயங்கவே கூடாது, பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்க 2012இல் வந்த போக்சோ சட்டம் இருப்பதே அதற்காகத்தான்.

நல்ல பெரியவராலும் கெடுதல் வரலாம், பாதியில் விட்டுப் போனால். அமெரிக்காவில் தன்னார்வலர் ஒருவரை ஒரு பிள்ளையோடு இணைத்துவிடும் பழைய திட்டம் ஒன்று உண்டு. 1990களில் எட்டு நகரங்களில் பத்து முதல் பதினாறு வயது வரையுள்ள 959 பேரை வைத்து அதைச் சோதித்தார்கள். துணை கிடைத்த பிள்ளைகள் போதைப் பழக்கத்தைத் தொடங்குவது 46 சதவீதம் குறைந்திருந்தது, பள்ளிக்கு மட்டம் போடுவதும் பாதியாகியிருந்தது. கேட்டதும் எல்லாரும் கைதட்டினார்கள். சில வருஷம் கழித்து அதே தகவலைப் பிரித்துப் பார்த்தபோதுதான் மறுபக்கம் தெரிந்தது. ஒரு வருஷத்துக்குமேல் நீடித்த உறவுகளில்தான் பலன் அதிகம். மூன்று மாதத்துக்குள் அறுந்துபோன பிள்ளைகளுக்குத் தங்கள்மேல் இருந்த மதிப்பு முன்னைவிடக் குறைந்திருந்தது.

இதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். எங்கள் தெருவுக்கு ஒரு அமைப்பிலிருந்து கல்லூரிப் பிள்ளைகள் எட்டு வாரத் திட்டத்துக்கு வந்தார்கள். நல்ல பிள்ளைகள்தான். பாட்டு, படம், கலர் பென்சில், தெருவே கலகலத்தது. ஒன்பதாவது சனிக்கிழமை ஏழெட்டுக் குழந்தைகள் தலை வாரிக்கொண்டு, மாரியம்மன் கோயில் திண்ணையில் பத்து மணி வரை உட்கார்ந்திருந்தார்கள். வரமாட்டோம் என்று யாரும் அவர்களிடம் சொல்லியிருக்கவில்லை. அறிக்கையில் பயனாளிகள் எண்ணிக்கை சரியாகத்தான் போயிருக்கும்.

நிலையாக இருக்க வேண்டும் என்று பெரியவர்களைப் பார்த்துச் சொல்வது சுலபம். வாசலில் கடன் வசூலிக்கும் தண்டல்காரர் சைக்கிளை நிறுத்தியிருக்கும்போது யாரால் பிள்ளையிடம் நிதானமாகப் பேச முடியும்? பெரியவரின் மோட்டாரே நிற்காமல் ஓடுகிறதே. அதனால்தான் பிள்ளை வளர்ப்புப் பற்றிப் பெற்றோருக்கு வகுப்பெடுப்பதில் எனக்கு அவ்வளவு ஈடுபாடு இல்லை. அவர்கள் நேரத்துக்கும் தலைபாரத்துக்கும் என்ன செய்தீர்கள் என்று அரசைத்தான் கேட்கத் தோன்றுகிறது. 2022 செப்டம்பரில் தொடங்கி, அடுத்த வருஷம் மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்த காலை உணவுத் திட்டத்தைப் பசியோடும் சத்தோடும் மட்டும் சேர்த்துப் பேசுகிறோம். விடிகாலையில் கூடை எடுக்கும் பெண்ணுக்கு அது வேறு ஒன்றையும் கொடுத்திருக்கிறது. அடுப்படிச் சண்டை இல்லாத ஒரு கால் மணி நேரம்.

மீன்பிடித் தடைக்காலத்தையும் இந்தக் கண்ணோடு பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு போகாது. அதில் பெரும்பகுதி பள்ளிக்கூட லீவோடு சேர்ந்து வரும். வருஷம் முழுக்க நாலு நாள், ஐந்து நாள் என்று கடலிலேயே கிடக்கும் அப்பா இரண்டு மாதம் கரையில். காசிமேட்டில் நிழலுள்ள இடமெல்லாம் வலை விரித்திருக்கும், கிழிசல் தைப்பவரின் பக்கத்தில் ஒரு பொடியன் நூல்கண்டைப் பிடித்துக்கொண்டிருப்பான். "இழுக்காத... விடு... ம், இப்போ புடி." ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவுதான் பேச்சு. குழந்தை ஒன்றைக் காட்டும், பெரியவர் பதில் கொடுப்பார், குழந்தை அடுத்ததைக் காட்டும், இப்படிப் பந்து போய்ப் பந்து வருவதில்தான் மூளை இணைப்புகள் உறுதியாகின்றன என்கிறது அறிவியல். அந்தப் பந்தாட்டம் நூல்கண்டைச் சுற்றி நடக்கிறது. அதே 61 நாளில் வருமானம் கிடையாது, 8,000 ரூபாய் நிவாரணம் எத்தனை நாளைக்கு? கடன் ஏறினால் அதே அப்பா அதே நிழலில் வேறு ஆளாக உட்கார்ந்திருப்பார். பணத்தைப் பற்றிப் பேசாமல் பாசத்தைப் பற்றிப் பேசினால் பாதிதான் பேசியதாகும்.

இடம் மாற்றுவதும் இப்படித்தான். ஆற்றோரக் குடிசைகளை எடுத்துவிட்டு, நகரத்தின் தென்கோடியில் கண்ணகி நகர், பெரும்பாக்கம் என்று அனுப்பியபோது வீட்டுக்கு எத்தனை சதுர அடி என்று அளந்தார்கள். தலை வாரிவிட்ட ஆயா எந்த பிளாக்கில், கோச் எந்த ஊரில் என்று அளக்கும் கோல் யாரிடமும் இல்லை. பிள்ளையைப் புதுப் பள்ளியில் சேர்த்துவிடலாம். "ஆளக் காணோம்" என்று கேட்க ஒருவர் உருவாவதற்கு வருஷங்கள் ஆகும், பதிமூன்று வயதுப் பையனிடம் அத்தனை வருஷம் கையிருப்பு இல்லை.

கல்லூரிப் பிள்ளைகள் சொல்லாமல் நின்றுபோன அதே தெருவில் டியூசன் எடுத்த பெண் ஒருத்தி இருந்தாள். வயது இருபத்துமூன்று, மாதம் நூறு ரூபாய், கொடுக்க முடியாதவர்களுக்கு அதுவும் இல்லை. மாடிப்படிக்குக் கீழே பாய் விரித்து, ஆறு வருஷம். கல்யாணம் நிச்சயமானது, மாப்பிள்ளை வேலூர். நிச்சயமான மறுநாளே பிள்ளைகளிடம் சொல்லிவிட்டாள். இன்னும் எத்தனை நாள் என்று காலண்டரில் வட்டம் போட்டுக் காட்டினாள். தன்னிடம் படித்து அப்போது பிளஸ் டூ முடித்திருந்த பெண்ணைக் கடைசி ஒரு மாதம் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொண்டாள். யாருக்கு ஏழாம் வாய்ப்பாடு தடுக்கும், யார் கேட்டால்தான் பேசுவான், யார் வீட்டில் சனிக்கிழமை ராத்திரி சத்தம் வரும், எல்லாம் நாற்பது பக்க நோட்டில் எழுதிக் கையில் கொடுத்தாள்.

போன பிறகு ஞாயிற்றுக்கிழமை தோறும் அக்காவிடமிருந்து வீடியோ கால் வரும். ஒரே போன், பதினாலு தலை. நான் ஒரு தடவை அந்தப் படிக்கட்டைத் தாண்டிப் போகும்போது, பின்னால் நின்ற குட்டிப் பையன் எக்கி எக்கிப் பார்த்துவிட்டுக் கத்தினான்: "அக்கா, நான் தெரியறனா? இதோ, இங்க கீறேன்!"